ஒரே கணிப்பொறி உள்ள வீட்டில் எந்த இயங்குதளம்?

விளையாட்டுக்கென்றே கணிப்பொறி வாங்கும் இல்லங்கள் நம் பக்கத்தில் மிகச் சிலவே. படிப்புக்கென வந்த கணிப்பொறியில் விளையாடுவதே இங்குள்ள வழக்கம். செய்யாற்றங்கரையில் அமைந்த கலசப்பாக்கத்தையும், அதற்கு மேற்கே உயர்ந்து நிற்கும் ஜவ்வாது மலையின் ஊர்களையும் எண்ணிப் பார்த்தால் இவ்வுண்மை எளிதில் விளங்கும். அங்கே ஒரு வீட்டில் மடிக்கணினி ஒன்று இருக்குமானால், அதிலேதான் அண்ணன் தேர்வாணையத்துக்கு விண்ணப்பிப்பான். அக்காள் கல்வி உதவித்தொகைக்குரிய சான்றிதழ்களை ஏற்றுவாள். தந்தையார் வங்கிக் கணக்கைப் பார்ப்பார். இரவு ஒன்பது மணிக்குப் பின் தம்பி அதிலேயே கார் ஓட்டுவான், துப்பாக்கி சுடுவான். இந்தத் தம்பி அக்கணிப்பொறிக்கு எந்த இயங்குதளத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

தமிழ்த்துறை மலரில் இதற்கென்ன இடம் என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். இடம் உண்டு, அதை உரிய இடத்தில் சொல்வோம். விளையாட்டே வேண்டாம் என்பார்க்கும் ஒரு சொல்: கணிப்பொறியின் உள்ளே இருப்பவை எவை, அவை எவ்வாறு இயங்குகின்றன என்று தாமாகவே தேடிக் கற்ற இளைஞர் பலர், ஒரு விளையாட்டு ஓடவில்லையே என்ற ஏக்கத்தினால்தான் அத்தேடலில் இறங்கினர். ஆதலின் அவ்வேக்கத்தை நாம் இகழ்வதற்கில்லை.

இயங்குதளம் என்பது, கணிப்பொறியின் உறுப்புகளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் இடையே நின்று வேலையைப் பகிர்ந்தளிக்கும் அடிப்படை மென்பொருளாகும். விண்டோஸ் அத்தகையது, லினக்ஸும் அத்தகையதே. இயங்குதளம் தனக்கென நினைவகத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, எஞ்சியதையே விளையாட்டுக்கு விடும். நினைவகம் சிறிதாயிருந்தால் எஞ்சுவதும் சிறிதே. எனவேதான் எடை குறைந்த இயங்குதளத்தைப் பிள்ளைகள் தேடுகின்றனர். அத்தேட்டத்தில் தவறில்லை.

இவ்விடத்தில் அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை நினைவுகூர்தல் பொருந்தும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அத்திட்டத்தின்கீழ், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயின்ற மாணவர்க்குச் சில ஆண்டுகளில் ஏறத்தாழ 50 இலட்சம் மடிக்கணினிகள் வழங்கப்பெற்றன. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. மலையடிவாரத்துப் பல குடும்பங்களில் முதன்முதலாக அடியெடுத்து வைத்த கணிப்பொறி அதுவேயாகும். முதற்கட்ட மடிக்கணினிகளில் நினைவகம் 2 ஜிபி. அவற்றில் விண்டோஸும் இருந்தது; நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் 2007 இல் வெளியிட்ட பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. கணிப்பொறியைத் திறக்கும்போதே இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். ஆயினும் நாம் அறிந்த பல வீடுகளில் லினக்ஸ் பகுதி சில மாதங்களிலேயே அழிக்கப்பட்டு, அவ்விடம் திரைப்படங்களுக்கும் விளையாட்டுகளுக்கும் ஒதுக்கப்பட்டது. கொடுத்தவர்கள் அதன் பயனைக் கற்பிக்கவில்லை, பெற்றவர்கள் கேட்கவுமில்லை.

எடை குறைந்த பதிப்பு என்ற எண்ணம் புதியதன்று. வளரும் நாடுகளுக்கென மைக்ரோசாப்ட் நிறுவனமே விண்டோஸ் எக்ஸ்பியின் ஸ்டார்ட்டர் பதிப்பை 2004 இல் கொண்டுவந்தது. 2005 இல் அது இந்தியாவுக்கும் இந்தி மொழியில் வந்தது. அதில் ஒரே நேரத்தில் மூன்று மென்பொருள்களுக்கு மேல் திறக்க இயலாது. ஏழைக்கு மூன்று போதும் என்று எவரோ கணக்கிட்டனர் போலும்! பின்வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் அவ்வரம்பு நீங்கியது. ஆனால் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற வழியில்லை. ஒன்று மட்டும் அவற்றின் சார்பில் கூறலாம். அவை உரியவரே தயாரித்துப் பொறுப்பேற்ற பதிப்புகள். பாதுகாப்புத் திருத்தங்கள் அவற்றுக்கும் முறையாக வந்தன.

இன்று பிள்ளைகள் நாடுவது வேறொன்று. டைனி10, டைனி11 என்பன போன்ற பெயர்களில், தனியார் சிலர் விண்டோஸைப் பிரித்து, வேண்டாதவை எனத் தமக்குப் பட்டவற்றை வெட்டி எறிந்து, மீண்டும் கட்டித் தரும் பதிப்புகள் உலவுகின்றன. ‘லைட்’, ‘சூப்பர் லைட்’, ‘கேமிங் எடிஷன்’ என்று அவற்றுக்குப் பல பெயர்கள். ஓ.எஸ். போட்டுத் தரும் கடைகளில் பென்டிரைவில் இத்தகையன ஏதேனும் கிடைக்கும். சில நூறு ரூபாய் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். கணிப்பொறியும் முன்னிலும் விரைந்து திறக்கும். தம்பிக்கு மகிழ்ச்சி.

வெட்டப்பட்டவை எவை என்பதை அவன் கேட்பதில்லை. வானிலை காட்டும் சாளரமும், விளம்பரச் செயலிகளும் போயிருந்தால் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் மிகுதியும் வெட்டிய பதிப்புகள் பலவற்றில் டிஃபெண்டர் என்னும் நச்சுநிரல் காவலும், இயங்குதளத் திருத்தங்களைப் பெற்றுத்தரும் அப்டேட் அமைப்பும் சேர்ந்தே போய்விடுகின்றன. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலையேறும் வண்டியில் சுமையைக் குறைக்க வேண்டுமென்றால் மூட்டையை இறக்கலாம். எடை அதிகம் என்று பிரேக்கைக் கழற்றி வைத்துவிட்டு ஏறுவாருண்டோ? ஏறும்போது குறை தெரியாது என்பதுதான் இதிலுள்ள சூழ்ச்சி.

திருத்தங்கள் எத்துணை இன்றியமையாதவை என்பதற்கு 2017 ஆம் ஆண்டின் வான்னாக்ரை நிகழ்ச்சி சான்றாகும். விண்டோஸின் ஓட்டை ஒன்றுக்கு மைக்ரோசாப்ட் மார்ச் 14 அன்றே திருத்தம் வெளியிட்டுவிட்டது. மே 12 அன்று அவ்வோட்டை வழியே நுழைந்த நச்சுநிரல், கோப்புகளையெல்லாம் பூட்டி வைத்துப் பணம் கேட்டது. நூற்றைம்பது நாடுகளைத் தொட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகளையே முடக்கியது. திருத்தத்தை ஏற்றிய கணிப்பொறிகள் தப்பின. இடையில் இருந்தவை இரண்டு மாதங்கள்!

விளையாட்டுப் பிள்ளைகளைக் குறிவைக்கும் தீங்கு இன்னும் நுட்பமானது. திருட்டுப் படியாக இறக்கும் விளையாட்டுகளிலும், ஏமாற்றி வெல்ல உதவும் ‘சீட்’ நிரல்களிலும், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடியனுப்பும் நிரல்கள் ஒளிந்து வருகின்றன. ரெட்லைன் என்பது அவற்றுள் ஒன்று. 2024 அக்டோபரில் நெதர்லாந்துக் காவல்துறையும் அமெரிக்கா உள்ளிட்ட பிற நாடுகளும் கூடி அதன் வலையமைப்பை முடக்கின. அதுபோல்வன வேறு பல இன்னும் உண்டு. காவல் நீக்கப்பட்ட இயங்குதளத்தில், அதுவும் எவரோ கட்டித்தந்த இயங்குதளத்தில், அக்காளின் சான்றிதழ்களும் தந்தையாரின் வங்கிக் கடவுச்சொல்லும் கிடக்கின்றன. விளையாடுபவன் ஒருவன், இழப்பவர் வேறொருவர். இதுவே நம் மனத்தை உறுத்துவது. தனக்கென ஒரு கணிப்பொறி உடையவன் தன் விருப்பம்போல் செய்துகொள்ளட்டும். நாம் குறுக்கே நிற்கவில்லை. ஒரே கணிப்பொறி உள்ள வீட்டில் அவ்வுரிமை அவனுக்கு இல்லை என்பதே நம் கருத்து.

நியாயத்துக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். கட்டி முடித்த பதிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பது வேறு. மைக்ரோசாப்ட் வெளியிட்ட கோப்பை நாமே பெற்று, வெளிப்படையாக எழுதப்பட்ட நிரலைக் கொண்டு, எதை நீக்குகிறோம் என்று படித்தறிந்து நீக்குவது வேறு. பின்னதைச் செய்யும் மாணவரை நாம் குறைகூறோம். அவரிடம் கற்றுக்கொள்ளவும் அணியமாயிருக்கிறோம்.

இனி, இத்தனை இடரையும் ஏற்றுக்கொண்டால் கிடைக்கும் விரைவுதான் எவ்வளவு? 16 ஜிபி நினைவகமும் தனி வரைகலை அட்டையும் உள்ள கணிப்பொறியில் வேறுபாட்டைக் கண்ணால் காண்பதே அரிது. அங்கு விளையாட்டின் வேகத்தை வகுப்பது வரைகலை அட்டையேயன்றி இயங்குதளமன்று. 4 ஜிபி உள்ள பழைய கணிப்பொறியில்தான் வேறுபாடு தெரியும். நினைவகம் நிரம்பியவுடன் கணிப்பொறி வன்தட்டை நாடுகிறது. சுழலும் வன்தட்டோ மெதுவானது. ஆதலின் எல்லாம் நின்றுநின்று நகர்கிறது. இதற்கு மருந்து இயங்குதளத்தை வெட்டுவதன்று. சுழலும் வன்தட்டை நீக்கிவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்துவதே முதல் மருந்து. இடமிருந்தால் இன்னொரு நினைவகத் துண்டைச் செருகுவது இரண்டாவது. 2025 இன் பிற்பகுதியில் நினைவக விலை உலகெங்கும் ஏறியது என்பதை அறிவோம். அதனால் பழைய துண்டாயினும் தரம் பார்த்து வாங்கலாம். ஓ.எஸ். போடுவதற்கு ஆண்டுக்கு நான்கு முறை கடைக்குக் கொடுக்கும் பணத்தைக் கூட்டிப் பார்த்தால், எஸ்.எஸ்.டி. அவ்வளவு எட்டாத பொருளன்று.

கடையில் எவரும் எடுத்துச் சொல்லாத செய்தி ஒன்றும் உண்டு. விண்டோஸ் 8 காலந்தொட்டு, நிறுவனத்தாரே விண்டோஸ் நிறுவி விற்கும் மடிக்கணினிகளில் உரிமக் குறியீடு தாய்ப்பலகையிலேயே பதிக்கப்பட்டுள்ளது. மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து அதே பதிப்பை இலவசமாக இறக்கி மீண்டும் நிறுவினால், உரிமம் தானே வந்து ஒட்டிக்கொள்ளும். முறையான உரிமம் கைவசமிருக்க, காசு கொடுத்துக் ‘கிராக்’ செய்த படியைப் போட்டுக்கொள்வது என்ன கணக்கோ, நமக்கு விளங்கவில்லை.

முறையான பதிப்புகளுள்ளேயே எடை குறைந்தது இல்லையா என்று கேட்கலாம். ‘என்’ என்னும் எழுத்தைத் தாங்கிய பதிப்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004 ஆம் ஆண்டுத் தீர்ப்பால் பிறந்தது. ஊடக இயக்கி அதில் இல்லை என்பது தவிர எடையில் பெரிய குறைவில்லை. அவ்வூடகக் கூறுகளை எதிர்பார்க்கும் சில விளையாட்டுகள் அதில் திறக்கவே மறுக்கும். எல்.டி.எஸ்.சி. என்னும் பதிப்பு உண்மையிலேயே மெலிந்தது. கடைச் செயலிகள் இல்லை. திருத்தங்கள் பல்லாண்டுகள் வரும். விண்டோஸ் 10 இன் 2021 ஆம் ஆண்டு எல்.டி.எஸ்.சி. பதிப்புக்கு 2027 சனவரி வரை திருத்தங்கள் உண்டு. ஆனால் அது நிறுவனங்களுக்கு மொத்த உரிமமாக விற்கப்படுவது. வீட்டுக்கு நேரே கிடைக்காது. சுவையான செய்தி ஒன்று: 2025 அக்டோபரில் வெளிவந்த எக்ஸ்பாக்ஸ் அலை என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியில், மேசைத்திரையையே ஏற்றாமல் விளையாட்டை மட்டும் திறக்கும் வழியை மைக்ரோசாப்ட் வைத்துள்ளது, 2 ஜிபி வரை நினைவகம் மிச்சமாகும் என்றும் கூறியது. இதுவரை பிள்ளைகள் சொல்லி வந்த குறை உண்மைதான் என்பதற்கு இதனினும் ஒப்புதல் வேண்டுமோ?

அடுத்து லினக்ஸ். லினக்ஸில் விளையாட முடியாது என்ற பழைய பேச்சு இன்று பாதியே உண்மை. ஸ்டீம் விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் என்னும் கருவியை 2018 இல் வெளியிட்டது. 2022 இல் வந்த ஸ்டீம் டெக் கருவி முழுவதும் லினக்ஸிலேயே இயங்குவது. டோட்டா 2, பழைய கவுண்டர்-ஸ்டிரைக் 1.6 ஆகியன லினக்ஸுக்கென்றே தனிப் பதிப்புடையன. மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பு ஓடும். சூப்பர்டக்ஸ்கார்ட், 0 ஏ.டி. போன்ற கட்டற்ற விளையாட்டுகளுக்குக் காசும் வேண்டா, கிராக்கும் வேண்டா.

மறுபாதியையும் மறைக்கலாகாது. வாலரண்ட் ஆடுபவனுக்கு லினக்ஸ் உதவாது. அவ்விளையாட்டின் காவல் நிரல் விண்டோஸின் அடித்தளம் வரை சென்று பார்ப்பது. லினக்ஸில் அது இயங்காது. ஃபோர்ட்நைட்டும் அவ்வாறே. புரோட்டான் செவ்வனே இயங்க வல்கன் என்னும் வரைகலை வசதி வேண்டும். 2011, 2012 ஆம் ஆண்டுகளின் உள்ளமைந்த வரைகலைச் சில்லுகளில் அது முழுமையாக இல்லை. எனவே முதற்கட்ட அரசு மடிக்கணினியில் லினக்ஸைப் போட்டுவிட்டால் புதிய விளையாட்டெல்லாம் பறக்கும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டா. பழைய விளையாட்டுகள் நன்றாக ஓடும்; அவ்வளவே.

இப்போது தமிழுக்கு வருவோம். வெட்டிய பதிப்புகளில் முதலில் வெட்டுப்படுவனவற்றுள் மொழிக்கூறுகளும் உண்டு. பதிப்பைக் கட்டியவருக்கு ஆங்கிலம் போதும். மற்ற மொழிகளின் விசைப்பலகைகளும் எழுத்துருக்களும் அவர் கண்ணுக்கு வெறும் சுமை. பின்னொரு நாள் அக்காள் தன் ஆய்வேட்டைத் திறந்தால் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் நிற்கும். தமிழ் விசைப்பலகையைச் சேர்க்க முயன்றால் சேர்ப்பதற்குரிய பகுதியே இராது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை கிடைத்தது. விண்டோஸ் 2000 இல் லதா எழுத்துரு இயங்குதளத்தோடு சேர்ந்தே வந்தது. அதுவரை ஒவ்வொரு கணிப்பொறியிலும் ஒவ்வோர் எழுத்துரு. ஒருவர் தட்டச்சு செய்ததை மற்றவர் படிக்க இயலாத நிலை. மூத்த பேராசிரியர்கள் அத்துன்பத்தை மறந்திருக்க மாட்டார்கள். ஒருங்குறி வந்து, 2010 இல் தமிழக அரசும் அதனை ஏற்று, எவ்வளவோ பேர் உழைத்து இயங்குதளத்தின் உள்ளேயே தமிழை அமர்த்தினர். நான்கு விநாடி முன்னதாக விளையாட்டு திறக்க வேண்டும் என்பதற்காக அதை நம் வீட்டிலிருந்து நாமே வெளியேற்றுவது முறையாகுமா? லினக்ஸில் இத்தொல்லை இல்லை. எடை குறைந்த வகைகளிலும் ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியைச் சேர்த்துத் தமிழ்99 முறையில் எழுதலாம். நோட்டோ, லோகித் முதலிய எழுத்துருக்கள் கட்டணமின்றிக் கிடைக்கும்.

ஆகவே தம்பிக்கு என்ன சொல்வது? கையிலுள்ள கணிப்பொறியைப் பார்த்தே சொல்ல வேண்டும். 2 ஜிபி நினைவகமே உள்ள பழைய மடிக்கணினியானால் விண்டோஸை விட்டு விலகுவதே நன்று. விண்டோஸ் 7 க்குத் திருத்தங்கள் 2020 சனவரியிலேயே நின்றுவிட்டன. ஸ்டீமும் 2024 தொடக்கத்தில் அதனைக் கைவிட்டது. அதற்கு லுபுண்டு போன்ற மெலிந்த லினக்ஸ் ஏற்றது. 32 பிட் செயலியாயின் ஆன்டிஎக்ஸ். பாஸின் புதிய பதிப்புகள் முழு மேசைச்சூழலோடு வருவன. 4 ஜிபியேனும் இருந்தால் அதனைப் பார்க்கலாம். 4 ஜிபியும் எஸ்.எஸ்.டி.யும் உள்ள கணிப்பொறிக்கு லினக்ஸ் மிண்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பை நாம் தயங்காமல் பரிந்துரைப்போம். விண்டோஸ் 10 க்குப் பொதுத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றன. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணிப்பொறிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அளிக்கப்பட்டது. விண்டோஸ் 11 ஓ டி.பி.எம். 2.0 என்னும் காப்புச் சில்லையும் அண்மைக்காலச் செயலியையும் கேட்பது. பழைய மடிக்கணினிகளுள் பெரும்பாலானவை அத்தேர்வில் தேறா. அவ்வாறு தேறாதவற்றில் நிபந்தனையைக் குறுக்குவழியில் தாண்டச் செய்யும் வெட்டிய பதிப்புகளே கடைகளில் மிகுதியும் புகுகின்றன என்பதையும் குறித்துக்கொள்க.

8 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள புதிய கணிப்பொறியாயின், அதனோடு வந்த விண்டோஸ் 11 ஹோம் பதிப்பையே வைத்துக்கொள்ளட்டும். 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்க்கென அறிவிக்கப்பட்ட கருவிகளைப் பெற்ற நம் மாணவர்க்கும் இதுவே பொருந்தும். வேண்டாத செயலிகளை அமைப்புப் பகுதியிலிருந்தே நீக்கலாம். கணிப்பொறி திறக்கும்போது தாமே தொடங்கும் நிரல்களை நிறுத்தலாம். இதற்கு எவருடைய வெட்டிய பதிப்பும் வேண்டியதில்லை. அரைமணி நேரம் போதும். மலையூர்களில் கைப்பேசி வழியே இணையம் பெறுவோர், திருத்தங்கள் தரவையெல்லாம் விழுங்கிவிடுகின்றன என்று அப்டேட்டை அடியோடு நிறுத்துகின்றனர். அவ்விணைப்பை அளவுக்குட்பட்ட இணைப்பு என்று அமைப்பில் குறித்துவிட்டால், பெரும்பாலான இறக்கங்கள் காத்திருக்கும். மாதம் ஒருமுறை நகரத்துக்கு வரும்போதோ, கல்லூரியின் இணைப்பிலோ ஏற்றிக்கொள்ளலாம்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். தம்பிக்கெனத் தனிப் பயனர் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுங்கள். நிர்வாகி உரிமை அதற்கு வேண்டா. வங்கிக்கும் விண்ணப்பங்களுக்கும் வேறு கணக்கு இருக்கட்டும். பழைய விளையாட்டுகள் சில நிர்வாகி உரிமை கேட்டு அடம்பிடிக்கும். அப்போது அக்காள் வந்து கடவுச்சொல்லை இட்டுத் தரட்டும். அவள் ஒருமுறை திரையைப் பார்த்துவிட்டு இடுவதும் நல்லதே.

லினக்ஸுக்கு மாற எண்ணுவோர் உடனே எதையும் அழிக்க வேண்டியதில்லை. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் அதனை ஏற்றி, அதிலிருந்தே கணிப்பொறியைத் திறந்து பார்க்கலாம். வன்தட்டில் ஒரு கோப்பும் மாறாது. வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, திரை ஒளி கூடிக் குறைகிறதா, தமிழ் எழுத முடிகிறதா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பின் நிறுவிக்கொள்ளலாம். நிறுவும் முன் சான்றிதழ்களையும் ஒளிப்படங்களையும் வேறொரு தட்டில் படியெடுத்து வைக்க வேண்டும். அந்தத் தட்டு அக்காளிடம் இருக்கட்டும்.